ஸெலானிக்: ஒரு கடற்கரை நகரமும் அதன் காணாமற்போன மஹல்லாக்களும்

கிரேக்க நாட்டின் இரண்டாவது பெரிய நகரம் தெசலோனிகி. கி.மு. 315 அளவில் மசிடோனிய மன்னன் கசாண்டர் இதனை நிறுவித் தன் மனைவியின் பெயரைச் சூட்டினான். அவள் மகா அலெக்சாந்தரின் மாற்றாந்தாய் வழிச் சகோதரி. பிற்காலத்தில் துருக்கியர் இந்நகரை ஸெலானிக் என்றனர். ஸ்பெயினிலிருந்து வந்த யூதர் ஸலோனிக்கோ என்றனர். வடக்கே இருந்த ஸ்லாவிய மக்கள் ஸோலுன் என்றனர். ஒரே துறைமுகத்துக்கு இத்தனை பெயர் இருந்தால், அந்தத் துறைமுகத்தில் இத்தனை சமூகம் குடியிருந்தது என்றுதான் பொருள்.

1430 மார்ச்சில் சுல்தான் இரண்டாம் முராத் வெனிஸ்காரரிடமிருந்து இந்நகரைக் கைப்பற்றினார். 1912 நவம்பரில் உஸ்மானியத் தளபதி ஹஸன் தஹ்ஸீன் பாஷா கிரேக்கப் படையிடம் இதனை ஒப்படைத்தார். இடைப்பட்டது 482 ஆண்டுகள். 1913இல் கிரேக்க அரசு எடுத்த குடித்தொகைக் கணக்கு இன்றும் கிடைக்கிறது: மொத்தம் 157,889 பேர். யூதர் 61,439, முஸ்லிம்கள் 45,867, கிரேக்கர் 39,956, மீதிப் பேர் பல்கேரியரும் ஏனையோரும். எந்தச் சமூகத்துக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லாத நகரம். அடுத்த முப்பது ஆண்டுகளில் அந்தக் கணக்கின் முதல் இரண்டு வரிகளும் அழிந்துபோயின. எப்படி அழிந்தன, அழிந்த பிறகு எது மிஞ்சியது என்பதே இக்கட்டுரையின் விடயம்.

நான் அங்கு போனது ஆய்வுக்காக அல்ல. ஏதென்ஸில் வேலை செய்யும் மச்சான் ஆகஸ்ட் விடுமுறைக்கு அழைத்திருந்தார். அங்கிருந்து வடக்கே போனபோது, கடற்கரையோரமாக வழிகாட்டியுடன் போகும் சைக்கிள் சுற்றுலா ஒன்றில் இருவருக்கும் இடம் பதிந்தார். “பஸ்ல போனா கடை தெரியும், சைக்கிள்ல போனாத்தான் ஊர் தெரியும்” என்பது அவருடைய கட்சி. மொத்தம் எட்டுப் பேர். வழிகாட்டி வரலாறு படித்த இளம் கிரேக்கப் பெண். எங்களோடு இஸ்மிர் நகரிலிருந்து வந்த ஒரு துருக்கியப் பெரியவரும் அவருடைய மகளும் இருந்தார்கள். நான் ஆசிரியர் என்று அறிந்ததும் பெரியவர் என்னை “ஹோஜம்” என்று கூப்பிடத் தொடங்கினார். நமது ஊரில் ஹஸரத் என்று அழைப்பதில் உள்ள மரியாதை அந்தச் சொல்லில் இருக்கிறது.

துறைமுகமும் சனிக்கிழமையும்

பயணம் பழைய துறைமுகத்தில் தொடங்குகிறது. செங்கல் கிட்டங்கிகள் இப்போது புகைப்பட அருங்காட்சியகமாகவும் திரைப்பட அருங்காட்சியகமாகவும் இருக்கின்றன. பக்கத்தில் லடாதிகா என்ற பகுதி, ஒலிவ் எண்ணெய் வியாபாரிகளின் கடைத்தெருவாக இருந்தது. இன்று அங்கே உணவகங்கள்.

இத்துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்கள் பெரும்பாலும் யூதர்கள். அவர்களை ஹமால் என்றார்கள். கொழும்புப் புறக்கோட்டையில் நாட்டாமைமார் நின்றுவிட்டால் கடைத்தெரு எப்படி நிற்குமோ, அப்படித்தான் இங்கும். யூதருக்குச் சனிக்கிழமை ஓய்வு நாள், ஆகையால் சனிக்கிழமைகளில் துறைமுகமே மூடிக் கிடந்தது. கப்பல்காரர் எந்த மதத்தவராயினும் காத்திருக்க வேண்டியதுதான். 1924இல் கிரேக்க அரசு ஞாயிறு விடுமுறையைச் சட்டமாக்கும் வரை இந்த வழமை நீடித்தது.

இந்த யூதர்கள் வந்த கதை முஸ்லிம் வரலாற்றோடு நேரே தொடர்புபட்டது. 1492இல் கிரனாடா வீழ்ந்தது. அதே ஆண்டு ஸ்பெயின் தன் யூதர்களை வெளியேற்றியது. சுல்தான் இரண்டாம் பாயஸீத் அவர்களைத் தன் நிலத்தில் குடியேற அனுமதித்தார். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸெலானிக்கின் பெரும்பான்மையினர் அவர்களாகிவிட்டனர்.

அவர்கள் தங்களோடு கொண்டுவந்த மொழி பழைய ஸ்பானியம். அதனை ஹீப்ரு எழுத்தில் எழுதினார்கள். வேதத்தின் எழுத்து, வீட்டின் மொழி. லடினோ என்ற அந்த மொழியில் சமய நூல் வந்தது, பாட்டு வந்தது, பின்னர் செய்தித்தாளும் வந்தது. தமிழை அரபு எழுத்தில் எழுதிய நம் முன்னோரின் அரபுத்தமிழ் ஏடுகளைக் கண்டவருக்கு இது புதுமையாகத் தோன்றாது. தன் மொழியையும் விடாமல், தன் வேதத்தின் எழுத்தையும் விடாமல் வாழ விரும்பிய சிறு சமூகங்கள் வெவ்வேறு கடலோரங்களில் ஒரே வழியைக் கண்டிருக்கின்றன.

சுதந்திரச் சதுக்கம்

துறைமுகத்திலிருந்து கிழக்கே சில நிமிடத்தில் எலெஃப்தெரியாஸ் சதுக்கம் வருகிறது. பெயரின் பொருள் சுதந்திரம். 1908 ஜூலையில் இளம் துருக்கியர் இயக்கம் அரசியலமைப்பைத் திரும்பக் கொண்டுவந்ததை இங்கேதான் மக்கள் கொண்டாடினார்கள். முஸ்லிம், யூதர், கிரேக்கர், பல்கேரியர் எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருந்தனர். நால்வரும் ஒரே நாட்டின் குடிகளாக வாழலாம் என்ற நம்பிக்கை அந்தக் கோடையில் மெய்யாகவே இருந்தது. நான்கு ஆண்டுகளில் பால்கன் போர் அதை முடித்துவைத்தது.

அதே சதுக்கத்தில் 1942 ஜூலை 11ஆம் திகதி, ஒரு சனிக்கிழமை, ஜெர்மானியப் படை ஏறத்தாழ 9,000 யூத ஆண்களை வெயிலில் நிறுத்தி அவமதித்தது. அடுத்த ஆண்டு மார்ச் முதல் ஆகஸ்ட் வரை சுமார் 46,000 யூதர்கள் ரயில்களில் ஏற்றப்பட்டு ஆவுஸ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டனர். மிகச் சிலரே திரும்பினர். இன்று சதுக்கத்தின் ஓரத்தில், யூதரின் ஏழு கிளை விளக்கு மனித உடல்களாலும் தீச்சுவாலைகளாலும் ஆனதைப்போன்ற வெண்கலச் சிற்பம் நிற்கிறது. சதுக்கமோ நீண்ட காலம் கார் தரிப்பிடமாகவே கிடந்தது.

உயிரோடு இருந்தவர்களை ஏற்றும் முன்பே இறந்தவர்களை அகற்றிவிட்டார்கள். நகர மதிலுக்கு வெளியே இருந்த யூத மையவாடியில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட கபுறுகள் இருந்தன. 1942 டிசம்பரில் அது இடிக்கப்பட்டது. கல்வெட்டோடு கூடிய நினைவுக் கற்கள், நாம் மீஸான் கல் என்போமே அவை, நடைபாதைக்கும் சுவருக்கும் கட்டடத்துக்கும் போயின. இடிக்க அனுமதித்தது ஜெர்மானியர். ஆனால் நகரம் விரிவடைய அந்த நிலம் வேண்டும் என்று நகராட்சி அதற்கு முன்னரே கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது அந்நிலத்தில் இருப்பது அரிஸ்டோட்டில் பல்கலைக்கழகம். 2014இல்தான் வளாகத்தில் ஒரு நினைவுச்சின்னம் வைக்கப்பட்டது. வழிகாட்டிப் பெண் தானும் அங்கேயே படித்தவர் என்றார். படித்த காலத்தில் ஆரம்பத்தில் தனக்கு இது தெரியாது என்றும் சொன்னார்.

மதிலும் கோபுரமும்

அங்கிருந்து நிகிஸ் வீதி வழியே கடல் வலப்பக்கம் வர ஓடுகிறோம். வானம் தெளிவாக இருந்தால் வளைகுடாவின் மறுகரையில் ஒலிம்பஸ் மலை தெரியும். இந்தச் சைக்கிள் பாதை ஓடும் கரையே உஸ்மானியர் உருவாக்கியது. அதற்கு முன் நகருக்கும் கடலுக்கும் நடுவே மதில் நின்றது. 1869 அளவில் ஆளுநர் ஸப்ரி பாஷாவின் காலத்தில் கடற்பக்க மதில் இடிக்கப்பட்டு, கரை அகட்டப்பட்டு, வீதி போடப்பட்டது. நகரம் அன்றுதான் கடலைப் பார்த்துத் திரும்பியது.

வீதியின் முடிவில் வெள்ளைக் கோபுரம். 34 மீற்றர் உயரம். தெசலோனிகியின் அடையாளம் என்று தபாலட்டை முதல் தேநீர்க் கோப்பை வரை அச்சிடப்படுகிறது. பைசாந்தியக் கோபுரம் ஒன்று நின்ற இடத்தில் உஸ்மானியர் கட்டியது இது. சிறையாகவும் கொலைக்களமாகவும் இருந்ததால் இரத்தக் கோபுரம் என்ற பேரும் அதற்கு இருந்தது. 1890இல் வெள்ளையடிக்கப்பட்ட பிறகுதான் இப்போதைய பெயர் நிலைத்தது. வெள்ளையடித்தவர் ஒரு யூதக் கைதி, அதற்குக் கூலியாக விடுதலை பெற்றார் என்பார்கள்.

இங்கே ஒரு விடயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். முஸ்லிம்களின் ஆட்சி என்பதால் எல்லாம் நீதியாக நடந்தது என்று எழுதினால் அது வரலாறாகாது. 1430இல் நகரம் விழுந்தபோது மக்களில் ஒரு பெரும்பகுதி அடிமைகளாக்கப்பட்டனர். பெரிய தேவாலயங்கள் ஒவ்வொன்றாகப் பள்ளிவாசல்களாயின. நகரின் காவல் புனிதராகக் கிரேக்கர் கொண்டாடும் திமித்ரியோஸின் தேவாலயமும் அவற்றுள் ஒன்று. 1821இல் கிரேக்கர் கிளர்ச்சி தொடங்கியதும், ஸெலானிக்கில் அதிகாரத்தில் இருந்த யூஸுஃப் பே கிளர்ச்சியோடு தொடர்பில்லாத கிரேக்கர் பலரையும் கொன்றொழித்தார். வழிகாட்டிப் பெண் இவற்றைச் சொன்னபோது துருக்கியப் பெரியவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார், மறுக்கவில்லை. நமக்கு நேர்ந்ததைப் பிறர் கேட்க வேண்டுமென்றால், பிறருக்கு நேர்ந்ததை நாமும் இப்படித்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

புதுப்பள்ளி

கோபுரத்துக்கு அப்பால் ‘புதிய கடற்கரை’ என்ற பகுதி. சங்கீத மண்டபம் வரை ஏறத்தாழ 3.5 கிலோமீற்றர். ஒருபுறம் தோட்டங்கள், மறுபுறம் கைப்பிடியே இல்லாத கடல். ஸொங்கோலோபுலோஸ் செய்த குடைகளின் சிற்பத்தின் கீழ் எல்லோரும் படம் எடுத்தார்கள். பிறகு கரையை விட்டு உள்ளே சில தெருக்கள் திரும்பி யெனி ஜாமிக்குப் போனோம். புதுப்பள்ளி என்று பொருள்.

1902இல் இத்தாலியக் கட்டடக் கலைஞர் விதாலியானோ பொஸெல்லி கட்டியது. கட்டுவித்தவர்கள் தோன்மேக்கள். பதினேழாம் நூற்றாண்டில் தன்னை மீட்பர் என்று அறிவித்த ஸப்பதாய் ஸெவி என்ற யூதர் 1666இல் இஸ்லாத்தைத் தழுவினார். அவரைப் பின்பற்றிய குடும்பங்கள் 1683இல் ஸெலானிக்கில் கூட்டமாக முஸ்லிம்களாயின. வெளியே தொழுதார்கள், உள்ளே பழைய வழமைகளையும் காத்தார்கள் என்பது வரலாற்றாசிரியர் கருத்து. நகரின் வியாபாரத்திலும் நவீன பாடசாலைகளிலும் அவர்களின் பங்கு பெரியது. பள்ளியின் உள் அலங்காரத்தில் ஆறுமுனை நட்சத்திரம் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டேன்.

கட்டி இருபத்திரண்டு ஆண்டுகளில் தொழ ஆளில்லாமல் போயிற்று. முதலில் அகதிகள் தங்கினர். 1925 முதல் பல பத்தாண்டுகள் தொல்பொருள் அருங்காட்சியகமாக இருந்தது. இப்போது கண்காட்சி மண்டபம். முற்றத்தில் ரோமர் காலச் சிற்பத் துண்டுகள் வரிசையாக நிற்கின்றன. மிஹ்ராப் அப்படியே இருக்கிறது. 2024 ஏப்ரலில் நோன்புப் பெருநாள் தொழுகைக்கு ஒருநாள் திறந்துவிட்டார்கள்.

மற்றப் பள்ளிகளின் கதையும் இப்படித்தான். 1460களில் கட்டிய ஹம்ஸா பே பள்ளி, அல்காஸார் என்ற பெயரில் படமாளிகையானது. 1484ஆம் ஆண்டின் அலஜா இமாரத் என்ற பள்ளியும் அன்னதான மடமும் கண்காட்சிக்கூடம். 1444இல் முராத் கட்டிய பே ஹமாம் 1968 வரை குளிப்பறையாகவே ஓடியது. 1920களில் நகரின் மினாராக்களை இடித்துத் தள்ளினார்கள். எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று, ரோமச் சக்கரவர்த்தி கலேரியஸ் கட்டிய ரொட்டுண்டா என்ற வட்டக் கட்டடத்தின் பக்கத்தில் நிற்பது. பலகைகளில் ஆண்டும் கட்டடக்கலை விவரமும் சரியாகவே எழுதியிருக்கிறார்கள். அந்தந்தப் பள்ளியைச் சுற்றி எந்த மஹல்லா இருந்தது, யார் குடியிருந்தார், அவர்கள் எங்கே போனார்கள் என்பதை நான் வாசித்த எந்தப் பலகையும் சொல்லவில்லை.

சுல்தானும் ஒரு சஞ்சிகையும்

மீண்டும் கிழக்கே போகும் வழியில் வில்லா அலாத்தினி என்ற மாளிகை. 1909இல் அரியணை இழந்த சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீத் இங்கே காவலில் வைக்கப்பட்டார். 1912இல் போர் நெருங்கியபோது இஸ்தான்புலுக்குத் திருப்பிக் கொண்டுபோனார்கள். இன்று அது மாகாண நிர்வாக அலுவலகம். இந்தச் சுல்தான் நம் முன்னோருக்கும் அந்நியரல்லர். 1905இல் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பியுடன் உயர் நீதிமன்றத்தில் தோன்ற மறுக்கப்பட்டதும், அவ்வாண்டு டிசம்பர் 31இல் மருதானைப் பள்ளியில் பெருங்கூட்டம் கூடியதும் நாம் அறிந்ததே. நம்மவர் தலையில் இருந்த அந்தத் தொப்பியின் பின்னே நின்ற கிலாபத்துக்கு அப்போது உரியவர், கடைசியில் இந்த வீட்டு யன்னலால் கடல் பார்த்திருந்தார்.

தமிழ் படித்த எனக்கு அதைவிட நெருக்கமாகப் பட்டது இன்னொன்று. 1911இல் ‘கென்ச் கலெம்லர்’, அதாவது ‘இளம் பேனாக்கள்’, என்ற சஞ்சிகை இந்நகரில்தான் ‘புதிய மொழி’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. அரபு, பாரசீகச் சொற்றொடர்களால் கனத்துப்போன எழுத்து நடையை விட்டு, மக்கள் பேசும் துருக்கியில் எழுதுவோம் என்றார் ஓமர் ஸெய்ஃபெத்தின். ஸியா கோகால்பும் அவரோடு நின்றார். நவீன துருக்கிய உரைநடையின் ஒரு முக்கியத் திருப்பம் இது. 1902இல் கவிஞர் நாஸிம் ஹிக்மத் பிறந்ததும் இங்கே. முஸ்தபா கமால் பிறந்த வீடு இன்று அருங்காட்சியகம். ஆனால் அந்தச் சஞ்சிகை வெளிவந்த ஊரில் இன்று அதை வாசிக்கக்கூடியவர் யார்? பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். “நான் இஸ்மிரில் தினமும் வாசிக்கும் யெனி அஸர் பத்திரிகையும் இங்கே பிறந்ததுதான், ஹோஜம். அதுவும் எங்களோடு கப்பலேறி வந்தது” என்றார். 1895இல் ஸெலானிக்கில் தொடங்கிய பத்திரிகை அது.

1923: மொழியைக் கேட்கவில்லை

1917 ஆகஸ்ட் தீயில் நகரின் நடுப்பகுதி எரிந்து எழுபதாயிரம் பேரளவில் வீடிழந்தனர். எர்னஸ்ட் எப்ரார் என்ற பிரெஞ்சுக்காரர் போட்ட புதிய திட்டத்தின்படியே இன்றைய அகன்ற வீதிகள் எழுந்தன. பழைய மஹல்லாக்களின் சந்துகள் வரைபடத்திலிருந்தே போயின. ஆனால் முஸ்லிம்களை அகற்றியது தீ அல்ல, ஒரு காகிதம்.

1923 ஜனவரி 30ஆம் திகதி லொசானில் கிரேக்கமும் துருக்கியும் மக்கட் பரிமாற்ற உடன்படிக்கையில் ஒப்பமிட்டன. துருக்கியிலுள்ள ஓர்தொடொக்ஸ் கிறிஸ்தவர் கிரேக்கத்துக்கு, கிரேக்கத்திலுள்ள முஸ்லிம்கள் துருக்கிக்கு. விருப்பம் கேட்கப்படவில்லை. இஸ்தான்புல் கிரேக்கருக்கும் மேற்குத் திரேஸ் முஸ்லிம்களுக்கும் மட்டும் விலக்கு. ஏறத்தாழ 12 இலட்சம் கிறிஸ்தவரும் மூன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களும் இதற்குள் அடங்கினர். கிறிஸ்தவரில் பெரும்பாலோர் உடன்படிக்கைக்கு முன்பே போரில் துரத்தப்பட்டவர்கள்.

இந்த உடன்படிக்கையின் அளவுகோல் மதம் ஒன்றே. மொழி கணக்கில் வரவில்லை. அனத்தோலியாவின் கரமன்லி மக்கள் துருக்கி மொழி பேசியவர்கள், அதைக் கிரேக்க எழுத்தில் எழுதியவர்கள். கிறிஸ்தவர் என்பதால் கிரேக்கத்துக்கு அனுப்பப்பட்டனர். கிரேத்தா தீவின் முஸ்லிம்கள் கிரேக்க மொழி தவிர வேறறியாதவர்கள். முஸ்லிம் என்பதால் துருக்கிக்கு அனுப்பப்பட்டனர். தோன்மேக்களும் முஸ்லிம் என்ற கணக்கில் போனார்கள். மொழியால் அயலவர், மதத்தால் வேறானவர் என்ற இடத்தில் நிற்கும் மனிதருக்கு அரசியல் எந்த நேரத்தில் எந்த அடையாளத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது.

இதனை எழுதும்போது என் கதையை ஒதுக்கி வைக்க இயலவில்லை. நான் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்தவன். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி எனக்கு எட்டு வயது. ஆயுதம் தாங்கியவர்கள் இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். எங்கட வீட்டிலும் தமிழ்தான், அயல் வீட்டிலும் தமிழ்தான். அன்று யாரும் மொழியைக் கேட்கவில்லை. வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் அந்த மாதத்தில் வெளியேற்றப்பட்டார்கள். லொசானில் அரசுகள் ஒப்பமிட்டன, கப்பல் விட்டன, சொத்துக்குப் பதில் சொத்து என்று பேசின. எங்களுக்கு அந்தக் காகிதமும் இருக்கவில்லை. ஆனால், திரும்பிப் போகக் கூடாது என்று எங்களுக்கு எந்த உடன்படிக்கையும் சொல்லவுமில்லை. ஒப்பிடும்போது இரண்டு வேறுபாட்டையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

சைக்கிள் பயணத்தின் கடைசிப் பகுதி கலமரியா. ஓட்டம் ஓய்ந்து எல்லோரும் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தோம். 1922க்குப் பின் கிரேக்க அகதிகள் வந்திறங்கி, நோய்த்தடுப்பு முகாமில் வைக்கப்பட்ட கரை இது. பலர் இங்கேயே இறந்தனர். தப்பியவர்கள் தாங்கள் விட்டுவந்த ஊரின் பெயரைப் புது இடத்துக்கு வைத்தார்கள். நேயா கிரினி என்றால் புதிய கிரினி. பழைய கிரினி, இஸ்மிருக்கு அருகே இன்று செஷ்மே எனப்படும் ஊர். வழிகாட்டிப் பெண்ணின் பூட்டி அங்கிருந்து வந்தவராம். அதுவரை ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடத்தில் முடித்த அவர், இந்தக் கரையில் அரை மணித்தியாலம் கதைத்தார்.

துருக்கியப் பெரியவர் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, தன்னுடைய பாட்டி 1924இல் ஸெலானிக் துறைமுகத்தில் கப்பலேறியவர் என்றார். சாகும் வரை இந்த ஊரை ‘மெம்லெகெத்’ என்றே சொன்னாராம். சொந்த ஊர் என்று பொருள். எந்த மஹல்லா என்று அந்தப் பெண் கேட்டார். பெரியவருக்குத் தெரியவில்லை. ஒரு பள்ளிக்குப் பக்கத்தில், கிணறு உள்ள தெரு என்று பாட்டி சொல்வாராம், அவ்வளவுதான். மகள் கைப்பேசியில் பழைய வரைபடம் ஒன்றைத் திறந்து வைத்திருந்தார். தெருவின் பெயர் தெரியாமல் வரைபடத்தால் என்ன பயன்?

எழுதி வைத்தது மட்டும்

ஊர் திரும்பிய பின் இதைப் பற்றி வாசிக்க வாசிக்க ஒரு விடயம் தெளிவாயிற்று. ஸெலானிக்கின் மறைந்த சமூகங்களை இன்று நாம் அறிவது கோபுரத்தாலோ ஹமாமாலோ அல்ல. உஸ்மானியக் காதி நீதிமன்றத்தின் பதிவேடுகள் அந்நகரின் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. நிக்காஹ், தலாக், வக்பு, கடன், கடைவாடகை, அநாதையின் பங்கு எல்லாம் அதில் உண்டு. ஆட்சியாளர் பெயர் மட்டுமல்ல, தயிர்க்காரரின் பெயரும் உண்டு. யூதர் பக்கத்தில், ‘லா எப்பொகா’ என்ற லடினோச் செய்தித்தாளை 1875இல் தொடங்கிய அச்சகக்காரர் ஸாதி ஹலேவி தன் வாழ்க்கையை எழுதி வைத்தார். ஊர்ச் சண்டை, கல்யாணப் பாட்டு, ரப்பிமாரோடு வந்த மோதல் எல்லாம் அதில் இருக்கின்றன. சமூகம் அழிந்தும் அந்தக் கையெழுத்துப் பிரதி ஜெருசலேம் நூலகத்தில் தப்பியது. அண்மையில் அச்சிலும் வந்தது. மூன்று இலட்சம் மீஸான் கற்கள் சொல்ல முடியாமற்போனதை ஒரு குறிப்புப் புத்தகம் சொல்கிறது.

நம்முடைய நிலை என்ன? 1990இல் என் உம்மா கையிலெடுத்தது ஒரு குர்ஆனும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களும். பள்ளிவாசலின் கடுத்தப் புத்தகங்களை யார் எடுத்தார்கள், எடுத்தார்களா என்று தெருவில் மூத்தவர்களைக் கேட்டேன். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பதில் சொன்னார்கள். காணி உறுதி வைத்திருப்பவர் சிலர், ஒளிநகல் வைத்திருப்பவர் சிலர், ஞாபகத்தை மட்டும் வைத்திருப்பவர் பலர். அன்று நாற்பது வயதில் வெளியேறியவர் இன்று எழுபத்தைந்தைத் தாண்டியிருப்பார். திரும்பிப் போய்க் குடியேறியவர்கள் பள்ளிகளைத் திருத்திக் கட்டியிருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். சுவர் எழும்பிவிட்டது. அந்தச் சுவருக்குள் யார் யார் தொழுதார்கள் என்ற பட்டியல் இன்னும் எழும்பவில்லை. வடக்கு மட்டும் என்றில்லை. கடலரிப்பால், வீதி விரிப்பால், கலவரத்தால் இடம்பெயர்ந்த எந்த ஊருக்கும் இது பொருந்தும்.

வேலை பெரிதாகத் தோன்றினாலும் தொடங்க வேண்டிய இடங்கள் சிறியவை. பள்ளிவாசல் நிருவாக சபைக் கூட்டக் குறிப்புகளையும் கடுத்தப் பதிவுகளையும் படமெடுத்து இரண்டு இடத்தில் வைக்கலாம். மையவாடியில் எழுத்துள்ள மீஸான் கற்களை மழை அழிக்கும் முன் வாசித்து எழுதலாம். பாடசாலைச் சேர்வு இடாப்புகளை அதிபர்மார் அனுமதித்தால் பிரதி செய்யலாம். க.பொ.த. உயர்தர மாணவருக்கு ஒப்படை கொடுக்கும்போது, தன் மூத்தவாப்பா வாழ்ந்த தெருவின் பெயர், அதன் கிணறுகள், கடைகள், அங்கு வாழ்ந்த பிற சமூகத்தவர் பெயர்கள் ஆகியவற்றை எழுதச் சொல்லலாம். நான் கடந்த தவணையில் என் வகுப்பில் தொடங்கினேன். முப்பத்தொரு பிள்ளைகளில் பத்தொன்பது பேர் தெருவின் பெயரைக் கேட்டு எழுதி வந்தார்கள். மீதிப் பேரின் வீடுகளில் சொல்லக்கூடியவர் இப்போது இல்லை.